காணாமல் போன நாற்பதடி

"திருடன் ரொம்ப நல்லவன்க்கா," என்றான் உதயா. "தூக்கினதுக்குப் பதிலா இன்னொண்ணு வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு. எங்க ஏரியாவுல செருப்பைத் தூக்குறவன்கூட இந்த மரியாதை குடுத்ததில்ல."

நவ்ரீன் சிரிக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த குடோன் அது. இப்போது பலகை அடித்து, விளக்கு மாட்டி, இருநூறு நாற்காலி போட்டு அரங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை நாளில் இன்னும் தும்மல் வருமாம். மேடையின் பின்பக்கம் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. அதில் ஒரு பெரிய கறுப்புப் படுதா பாதி ஏற்றியபடி கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே தொங்க வேண்டியது அது இல்லை, படம் வரைந்த ஒரு திரை.

நவ்ரீனுக்கு நாற்பத்தேழு வயது. தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ். அதற்கு முன்னால் இருபது வருஷம் துறைமுகத்தில் சர்வேயர். கப்பலில் வந்த சரக்கு நனைந்ததா, துருப்பிடித்ததா, யார் மேல் தப்பு என்று பார்த்து இன்சூரன்ஸுக்கு ரிப்போர்ட் எழுதுகிற வேலை. உதயா வியாசர்பாடிக்காரன், முன்னாள் குத்துச்சண்டை வீரன். முப்பத்திரண்டு வயதுக்குள் மூக்கு ரெண்டு தடவை உடைந்திருக்கிறது. வாய் ஒரு தடவையும் உடையவில்லை, அதுதான் நவ்ரீனின் குறை.

"மேடம், மணி பத்தரை ஆயிடுச்சு," என்றாள் எழில்மொழி. பாலே ஆசிரியை. குதிகால் தரையில் படாமலே நடக்கிற ஒல்லிப் பெண், இன்றைக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "சாயங்காலம் ஆறு மணிக்கு ஷோ. ஒரே ஒரு ஷோ. நாளைக்கு என் டான்சர்ஸ் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்பிடுவாங்க."

"முதல்லேர்ந்து சொல்லுங்க. திரை யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சு?"

"ரமாபாய் டீச்சர் வரைஞ்சாங்க. வியாசர்பாடியில அவங்க வீட்டுலேர்ந்து போன வெள்ளிக்கிழமை ஒரு குட்டியானை லோடு வண்டியில ஏத்தினோம். கம்பியில கட்டறதுக்கு ஓரத்துல பித்தளை ரிங் அடிக்கணும். ரிங் அடிக்கற கடை எனக்குத் தெரியும்னு டிரைவர் சொன்னார். ஒரு சீட்டுல எத்தனை ரிங், எந்தப் பக்கம், எந்த அட்ரஸ்னு எழுதிக் குடுத்தேன். திங்கக்கிழமை சாக்குல சுருட்டிக் கொண்டுவந்து இறக்கிட்டுப் போயிட்டார். இன்னிக்குக் காலையில பிரிச்சா, இந்தக் கறுப்பு!"

"நடுவுல யாரும் பிரிச்சுப் பார்க்கலியா?"

"நாற்பது அடி நீளம், பதினாறு அடி அகலம் மேடம். நாலு பேர் வேணும் பிரிக்க."

உதயா மேடை ஏறிப் படுதாவை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான். மெழுகும் தாரும் கலந்த வாசனை.

"அந்த கேலரிக்காரர்தான்!" என்றாள் எழில்மொழி. "போன மாசம் டீச்சர்கிட்ட வந்து, ஷோவே வேணாம், திரையை நான் வாங்கிக்கறேன்னு கெஞ்சினார். டீச்சர் விரட்டிட்டாங்க. சும்மா விடுவாரா?"

"அவரு விட்டுட்டாரும்மா," என்றான் உதயா. "காலைல நீ போன் பண்ண உடனே விசாரிச்சேன். சிறுநீரகத்துல கல்லு. பத்து நாளா ஆஸ்பத்திரி. பெட்டுலேர்ந்து பாத்ரூம், பாத்ரூம்லேர்ந்து பெட்டு, அதான் அவரோட டூரு."

நவ்ரீன் படுதாவின் ஓரத்தைக் கையில் எடுத்தாள். மேல் ஓரத்தில் வரிசையாகப் பித்தளை ரிங். கீழ் ஓரத்தில் ஒன்றும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை.

"உதயா, எண்ணுடா."

அவன் எண்ணினான். "நாப்பத்தொண்ணு."

எழில்மொழி கம்பியைக் காட்டினாள். "எங்க கம்பியில கொக்கியும் நாற்பத்தொண்ணுதான்."

நவ்ரீனின் நெற்றி சுருங்கியது. ஆனால் என்னவென்று அவளுக்கே அப்போது பிடிபடவில்லை. "டீச்சர் டிரஸ்ஸும் டிசைன் பண்ணாங்கன்னு போன்ல சொன்னீங்களே. ஒண்ணு குடுங்க. திரையைப் பார்த்தா அடையாளம் தெரியணும்."

எழில்மொழி கொண்டுவந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கவுன். இடது தோளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு திட்டு. 

"பன்னிரண்டு பேருக்கும் சாம்பல் டிரஸ்தான். ஒவ்வொருத்தர் மேலயும் ஒரே ஒரு இடத்துல கலர். திரையில அதே கலர் எங்க இருக்கோ, அங்க போய் நின்னா அந்த இடம் திரையோட ஒட்டிக்கும். இவளுக்குத் தோள் காணாமப் போகும், இன்னொருத்தனுக்கு முதுகு. பாலே பேரே 'துரு'. கடைசிக் காட்சியில எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போய்ச் சேருவாங்க, திரை எங்களை முழுங்கிடும். அந்தத் திரை இல்லாம நாங்க யாரு? ஒட்டுப்போட்ட கவுனோட பன்னிரண்டு பேர். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள். 

*

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. ரமாபாய் டீச்சர் காலையிலேயே கஞ்சி போட்ட நீலக் காட்டன் புடவை உடுத்தி, தலை வாரி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அறுபத்துமூன்று வயது. கார்ப்பரேஷன் பள்ளியில் முப்பது வருஷம் டிராயிங் டீச்சர். கோடும் நிறமும் மட்டும் வைத்துப் படம் போடுகிறவள். 'இதுல மனுஷன் எங்க டீச்சர்?' என்று கேட்டவர்களுக்கு, 'பாத்துகினு கீறியே, நீதான்' என்று பதில் சொல்லிப் பேர் வாங்கியவள். வலது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடந்தது.

"நாலு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கேன்," என்றாள். வாய் கொஞ்சம் கோணியிருந்ததால் வார்த்தைகள் மெதுவாக வந்தன. "அதுக்குள்ள கெடைச்சுடுமா?"

"டீச்சர், என்னை ஞாபகம் கீதுல்ல? உதயா. எட்டாவது பி."

"யானை வரையச் சொன்னா ஆட்டோ வரைஞ்சவன்."

"அத்த நான் யானைன்னு நெனச்சுதான் டீச்சர் வரைஞ்சேன்."

டீச்சரின் வாயில் சரியாக இருந்த பாதி சிரித்தது. நவ்ரீன் அறையைப் பார்த்தாள். பத்துக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, தரையெல்லாம் பெயிண்ட் சொட்டு.

"நாற்பதடித் துணியை இங்க எப்படி டீச்சர் போட்டீங்க?"

"கொஞ்சம் விரிப்பேன், போடுவேன், காஞ்சதும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளுவேன். அப்பால அடுத்த துண்டு. பதினோரு மாசம். தார்ப்பாய் தைக்கிற புதுக் கேன்வாஸ் துணி, சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட்டு. எனக்கு அது போதும்."

"போட்டோ எடுத்தீங்களா?"

"என்கிட்ட கீறது பட்டன் போனு."

"எழில்மொழிகிட்ட ஒரு அட்டையில சின்னதா வரைஞ்சு குடுத்தீங்களாமே?"

"அது ஊருக்கு வழி காட்டுற சீட்டும்மா. ஊரு இல்ல."

நவ்ரீன் அடுத்த கேள்வியைக் கேட்கத் தயங்கினாள். டீச்சரே சொல்லிவிட்டாள். "முழுசா எப்டி வந்திருக்குன்னு எனக்கே தெரியாதும்மா. நான் பாத்ததே இல்ல. எங்க விரிச்சுப் பாக்கறது? மொட்டை மாடியில டேங்கு, கீழ வண்டி. மேடையில கட்டுனப்பறம் எதிர்ல ஒரு சேர் போட்டு குந்தி பாத்துக்கலாம்னு இருந்தேன். கடைசித் துண்டை முடிச்சு பிரஷ்ஷைக் கழுவி வெச்சேன். அந்த வாரமே கை வுழுந்துடுச்சு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஸ்பூனே புடிக்க முடியல. இனிமே ஒண்ணு போடறதுங்கிறது கெடையாது. இத்த ஒரு தபா முழுசா பாத்துட்டா எனக்குப் போதும்."

சர்வேயர் வேலையில் முதல் பாடம், சரக்கைப் பார்க்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. இருபது வருஷத்தில் நவ்ரீன் ஒரு தடவையும் கொடுத்ததில்லை.

"பாப்பீங்க டீச்சர். நான் கொண்டாறேன்," என்றாள்.

*

மாடிப்படி இறங்கும்போதே உதயா குட்டியானை டிரைவரைப் போனில் பிடித்துவிட்டான். அவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ கம்பெனி வாசலில் லோடுக்கு நின்றுகொண்டிருந்தான். 

"மாதவரம் லாரி யார்டு, அத்தாவுல்லா பாய் கடை. வெள்ளிக்கிழமை வுட்டானாம், திங்கக்கிழமை எடுத்தானாம். சுருட்டித் தந்தாங்க, ஏத்திக்கினு வந்தேன், நான் எதுக்கு நைனா பிரிச்சுப் பாக்கப் போறேன்னு கேக்குறான்."

"பொய் சொல்றானா?"

"பொய் சொல்றவன் இவ்ளோ கெட்ட வார்த்தை பேச மாட்டான்க்கா."

இருவரும் வண்டியில் ஏறினார்கள். உதயாதான் ஓட்டினான், நவ்ரீன் பின்னால், மடியில் அந்தச் சாம்பல் கவுன்.

"மேட்டர் சிம்பிள்," என்று காற்றில் கத்தினான் உதயா. "பாய் கடையில நூறு தார்ப்பாய் வரும் போவும். சுருட்டி வெச்சா எல்லாம் ஒரே மூஞ்சி. கை மாறிடுச்சு. எவனோ ஒரு லாரிக்காரன் டீச்சர் படத்தை வெங்காய மூட்டை மேல கட்டிக்கினு போயிருக்கான். விஜயவாடா வரைக்கும் போனாலும் போன் போட்டு நிறுத்திடலாம். திருட்டே இல்ல, சும்மா குழப்பம்!"

நவ்ரீனுக்கும் அப்படித்தான் தோன்றியது, மூலக்கடை சிக்னல் வரைக்கும். சிவப்பு விழுந்தது. வண்டிக்கு இடது பக்கம் ஆந்திரா லாரி ஒன்று வந்து நின்றது. லோடின் மேல் பழைய தார்ப்பாய். பல வருஷம் சங்கிலி உரசி உரசி, மழையில் ஊறி, துணியில் செம்பழுப்பாய் ஒரு கறை. நவ்ரீன் அதைப் பார்த்தாள். குனிந்து மடியில் இருந்த கவுனின் தோளைப் பார்த்தாள். மறுபடியும் லாரியைப் பார்த்தாள்.

ரெண்டும் ஒரே கறை.

ஒரே நிறம் என்றால்கூடப் பரவாயில்லை, நிறம் எத்தனையோ இருக்கும். ஓரம் கலங்கின விதமும், நடுவில் கருத்த விதமும்கூட அச்சு அசல். இந்தக் கறையை எத்தனை ரிப்போர்ட்டில் எழுதியிருப்பாள்! 'சங்கிலித் துரு, ஈரத்தில் பரவியது.' டீச்சர் துருவைப் பார்த்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெயிண்டை வைத்தே துருவைத் துணியில் இறக்கிவிட்டிருக்கிறாள். அப்படியானால் நாற்பதடித் துணியிலும்...

அந்த ரிங் அப்போதுதான் நவ்ரீனுக்கு உறைத்தது.

"உதயா, லாரிக்குப் போடற பாய்ல ரிங் எத்தனை பக்கம் இருக்கும்?"

"நாலு பக்கமும் கட்டுனாதானே நிக்கும்? ஒரு பக்கம் மட்டும் கட்டுனா அதுக்குப் பேரு கொடி."

"கறுப்புப் படுதாவுல எத்தனை பக்கம் இருந்துச்சு?"

"மேல மட்டும்தான்," என்றான் உதயா. சிக்னல் பச்சையாகி, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"எந்த லாரிக்காரன் தார்ப்பாய்டா அது, நம்ம கம்பிக்கு அளவெடுத்த மாதிரி நாற்பத்தொரு ரிங்கோட? யா அல்லா! நாம தேடறது கெடைக்காம இருந்தா நல்லாருக்கும்டா."

"இன்னாக்கா சொல்ற?"

"ஓட்டு. அத்தாவுல்லா பாயைப் பாப்போம்."

*

அத்தாவுல்லாவின் கடை என்றால் நாலு கம்பும் ஒரு கூரையும்தான். கூரைக்கு அடியில் பெரிய தையல் மிஷின், பக்கத்தில் அடுப்பு, அடுப்பில் கறுப்பாய்க் கொதிக்கிற டின். அறுபது வயது. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். விரல் இடுக்கில் தார் ஏறி ஏறி இனி எந்தச் சோப்புக்கும் போகாது. நவ்ரீன் ராயபுரம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"குடோன் படுதாவா? வா தங்கச்சி, குந்து. வேலை புடிச்சிருந்துச்சா?"

"உங்க கடையில தார்ப்பாய் மாறிப் போறதுண்டா பாய்?"

"முப்பத்தாறு வருஷம்மா. ஒண்ணுகூட மாறினதில்ல. மாறுச்சுன்னா லாரிக்காரன் என்னைக் கட்டித் தூக்கிக்கினு போயிடுவான்."

உதயா நவ்ரீனைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார்டு மண்ணில், வரிசையாய் நின்ற லாரிகளுக்கு நடுவே, நீளமாய் ஒரு செவ்வகம் கறுத்துக் கிடந்தது. தார் சிந்தின அடையாளம். காலடியால் அளந்து பார்க்காமலே அவளுக்கு அளவு தெரிந்தது.

"ரிங்தானே அடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் மெதுவாக.

"அப்டித்தான் சீட்டுல எழுதியிருந்துச்சு. ஆனா நீயே சொல்லும்மா. அட்ரஸ் ராயபுரம் குடோனு. ரிங்கு ஒரு பக்கம். அப்டின்னா இன்னா? குடோன் வாசல்ல மழைக்குக் கட்டுற படுதா. மழை வருதோ இல்லியோ, ஐப்பசி பொறந்துடுச்சு. உள்ள இன்னா சரக்கு கீதோ! ரிங்கு அடிக்க வர்ற பாய் ஓட்டை ஒடைசலா இருந்தா தார் மருந்து பூசித்தான் இந்தக் கடையிலேர்ந்து போவும். அது எங்க வாப்பா காலத்து வழக்கம். கேட்டுட்டுப் பூசறதில்ல. ஒழுவுச்சுன்னா நாளைக்கு எங்க பேரைத்தானே சொல்லுவான்?"

"துணி எப்படி இருந்துச்சு?"

"அத்த ஏன் கேக்குற!" அத்தாவுல்லா இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, காற்றில் அந்தத் துணியை விரித்தார். "இந்தப் பக்கம் மேல சங்கிலித் துரு. அதுக்குக் கீழ எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பல், அது வேற சாம்பல், ஈரமாப் படிஞ்சு அப்பால காஞ்சது. நடுவுல எவனோ பாமாயில் கொட்டியிருக்கான், பதினஞ்சடிக்கு ஓடியிருக்கு. இந்தாண்ட உப்பு பூத்து வெளுத்துப் போச்சு. ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. துணியைத் தொட்டா அதோட வயசு எனக்குத் தெரியும். தொட்டேன், கை புதுசுன்னுச்சு. கண்ணு கிழடுன்னுச்சு. கையை நம்பறதா, கண்ணை நம்பறதா? அவ்ளோ கறையைக் கண்ணால பாத்துட்டு இன்னாத்த புதுசுன்னு சொல்றது? கண்ணைத்தான் நம்புனேன்."

உதயா முகத்தைத் திருப்பிக்கொண்டான். நவ்ரீன் போனை எடுத்து எழில்மொழியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பஞ்சைப் பெட்ரோலில் நனைத்து, படுதாவின் ஒரு மூலையை மெதுவாகத் துடைக்கச் சொன்னாள்.

"எதுக்கு மேடம்?"

"துடைங்க."

இரண்டு நிமிஷம் சத்தமில்லை. பிறகு எழில்மொழியின் குரல் வந்தது. "கறுப்பு வருது. நிறைய வருது. மேடம், அடியில... அடியில சிவப்பு! மேடம், டீச்சரோட சிவப்பு! இதுதான்! இதேதான் நம்ம திரை! இருங்க, இன்னும் கொஞ்சம்..." குரல் நின்றது. "மேடம், சிவப்பும் பஞ்சோட வந்துடுச்சு. வெறும் துணிதான் தெரியுது. ஐயோ, என்ன பண்ணட்டும்? வேற எதையாவது வெச்சுத் துடைக்கட்டுமா?"

"வேணாம். விட்டுடுங்க. எதை வெச்சுத் துடைச்சாலும் ரெண்டும் சேர்ந்துதான் வரும்."

அவள் போனை வைத்தாள். அத்தாவுல்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. 

"படமா அது?" என்றார்.

நவ்ரீன் தலையாட்டினாள்.

"யாரு போட்டது?"

நவ்ரீன் சொன்னாள். பத்துக்குப் பத்து அறையைச் சொன்னாள், பதினோரு மாசத்தைச் சொன்னாள், கையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் மிஷினுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"என்னைப் போலீஸ்ல குடுத்துடும்மா."

"எந்த செக்ஷன்ல பாய் குடுக்கறது?" என்றான் உதயா. அவன் குரலில் கேலி இல்லை. நவ்ரீனைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னான். "யக்கா, டீச்சர்கிட்ட சொல்ல வேணாம்க்கா. விஜயவாடா லாரியில மாறிப் போயிடுச்சு, தேடிகினு கீறோம்னு சொல்லிடலாம். எங்கயோ ஒரு ரோட்டுல வெயில்ல போய்கினு கீதுன்னு நெனச்சுகினு இருக்கட்டுமே. செத்துடுச்சுன்னு சொல்றதுக்கு அது மேல இல்ல?"

நவ்ரீன் யோசித்தாள். உண்மையைச் சொல்லப் போனால், அதைத்தான் சொல்லலாம் என்று முடிவே செய்துவிட்டாள். மணி மூன்றாகிவிட்டது, டீச்சர் நாலு மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்தாள். போகிற வழியில் பொய்யைச் சரியாகக் கோத்துக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏறினால், பின்னால் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி படபடவென்று கிளம்பியது. 

"நீங்க எங்க பாய்?"

"நான் பண்ணத நான்தானே சொல்லணும்," என்றார் அத்தாவுல்லா. 

*

டீச்சர் அதே நாற்காலியில் இருந்தாள். காலில் செருப்பு போட்டாகிவிட்டது. நவ்ரீனின் வெறுங்கையைப் பார்த்தாள், உதயாவைப் பார்த்தாள், வாசலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தாள்.

"டீச்சர், அது வந்து..." என்று நவ்ரீன் தொடங்கினாள்.

"நான்தாம்மா அத்த அழிச்சவன்," என்றார் அத்தாவுல்லா வாசலிலிருந்தே. எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு, குடோன், ஐப்பசி மழை, கொதிக்கிற டின். ஒன்றையும் மறைக்கவில்லை. தன் பக்கத்து நியாயத்தைக்கூடச் சொல்லவில்லை. நவ்ரீன்தான் நடுவில் புகுந்து, வழக்கம் டீச்சர், யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்று சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே வெறுப்பாக இருந்தது. கொண்டாறேன் என்று வாக்குக் கொடுத்த வாய்தானே இது.

மேல்மாடியில் யாரோ துணி துவைத்து அடிக்கிற சத்தம் கேட்டது. நவ்ரீனின் போன் அடித்தது. எழில்மொழி.

"மேடம், மணி நாலாகப் போகுது. வேற துணியும் இல்ல. கறுப்பையே கட்டிடட்டுமா? டீச்சரைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

டீச்சருக்கும் அது கேட்டது. "கட்டச் சொல்லு," என்றாள். "ஆடட்டும் புள்ளைங்க. நான் வரல."

உதயா கீழே போய் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான். அதற்குள் டீச்சர் அத்தாவுல்லாவை உள்ளே வரச் சொல்லியிருந்தாள். அவர் வந்து பெயிண்ட் சொட்டின் மேல் கால் படாமல் ஓரமாக நின்றார்.

"எங்க வெச்சுப் பூசுன?"

"யார்டுலம்மா. லாரி வெளிய போனப்பறம், மண்ணைப் பெருக்கிட்டு."

"முழுசா விரிச்சியா?"

"முழுசா. நாப்பதடியும்."

டீச்சரின் உடம்பு நாற்காலியில் முன்னால் வந்தது. "வெயில் இருந்துச்சா?"

"காலை வெயில். எட்டு எட்டரை இருக்கும்."

"எப்டி இருந்துச்சு?"

பொய் சொல்லு பாய், என்று நவ்ரீன் மனசுக்குள் கெஞ்சினாள். அழகா இருந்துச்சுன்னு சொல்லு. கண்ணு கூசிச்சுன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை, உனக்கு என்ன குறைஞ்சு போகும்? ஆனால் அத்தாவுல்லாவுக்குப் பொய் பழக்கமில்லை. படம் பார்த்துப் பேசவும் பழக்கமில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நினைவில் தேடினார்.

"பாவமா இருந்துச்சும்மா," என்றார்.

டீச்சர் இன்னும் முன்னால் சாய்ந்தாள்.

"அந்தாண்டயிருந்து இந்தாண்ட வரைக்கும் நடந்து பாத்தேன். இத்தினியும் இது ஒண்ணு மேலயே பட்டிருக்கேன்னு ஆயிடுச்சு. சங்கிலி, சாம்பல், எண்ணெய், உப்பு. ஒரு துணி இவ்ளோ தாங்குமா? நான் எத்தினியோ கிழிசல் பாத்தவன். இந்த மாதிரி மனசு பேஜாரானதில்ல. டீ வந்துச்சு, குடிக்கல. பக்கத்துல கொஞ்ச நேரம் அப்டியே குந்திட்டேன். அப்பாலதான், போதும், இதுக்கு மேல இதும்மேல ஒரு சொட்டுகூடப் படவேணாம்னு..." அவர் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் ஒரு கோட்டுதாம்மா பூசுவேன். இதுக்கு ரெண்டு கோட்டாப் பூசிட்டேன்."

டீச்சர் இடது கையைத் தூக்கினாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்து அத்தாவுல்லா தலையைக் குனிந்து கொடுத்தார். நவ்ரீனும் அப்படித்தான் நினைத்தாள். டீச்சர் அவருடைய தார் ஏறின கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில், விழுந்துபோன அந்தக் கையின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அதான் பாய் நான் போட்டது," என்றாள். "அத்தத்தான் போட்டேன். பதினோரு மாசம்."

அப்புறம் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கோணின வாயால் முழுசாக அழக்கூட முடியவில்லை. 

"நீ பாத்துட்டியே பாய்! நீ முழுசா பாத்துட்ட. நான் பாக்கலியே!"

அத்தாவுல்லா தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.